பீர்ப் பீப்பாய்க்குள் ஒரு ராணியின் தலை

அரண்மனையின் முன்வாசலில் ஈட்டியும் கவசமுமாக நிற்பவர்களை எல்லோரும்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். சலவைக்காரியும் தையல்காரனும் வந்துபோகிற பின்கதவு ஒன்று இருக்கிறது, அது வழியாக நுழைவோம். முதலாம் எலிசபெத் இங்கிலாந்தின் அரியணை ஏறிய புதிதில், அவருடைய வலது கையான வில்லியம் செசில் கவலைப்பட்டதும் இந்தப் பின்கதவைப் பற்றித்தான். ராணியின் உடையையும் உணவையும் எப்படிக் காக்க வேண்டும் என்று அவர் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. வெளியார் கொடுக்கும் வாசனைக் கையுறை நேரே ராணியிடம் போகக் கூடாது. உடம்பை ஒட்டிப் போடும் துணிகளைக் கண்டவர் தொடக் கூடாது. வெளியிலிருந்து வரும் தின்பண்டம், யார் கொடுத்தது என்று தெரியாமல் உள்ளே வரக் கூடாது. பணிப்பெண்களின் அறைப் பின்கதவுகள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். போதாததற்கு, விஷமுறிவு மருந்து வாரத்துக்கு இரண்டு வேளை! ஒரு நாட்டின் முதல் மந்திரி ராணியின் உள்பாவாடைக்குக் காவல் இருந்திருக்கிறார் என்றால் நிலவரம் எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

கையுறையில் தடவிய விஷத்தை மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மனசுக்குள் இருப்பதை எப்படிப் பிடிப்பது? அதற்குத்தான் சட்டம் போட்டார்கள். அதுவும் எப்படிப்பட்ட சட்டங்கள்!

மூன்றாம் எட்வர்ட் காலத்து 1351-ஆம் ஆண்டு ராஜத்துரோகச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் சாக வேண்டும் என்று மனசால் நினைத்தாலே குற்றம். ராணியோடு கள்ள உறவு, பட்டத்து இளவரசரின் மனைவியோடு உறவு, கல்யாணமாகாத மூத்த இளவரசியோடு உறவு, மூன்றும் ராஜத்துரோகம். வாரிசின் ரத்தத்தில் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா? கள்ள நாணயம் அடித்தவனும் இதே பட்டியலில் வருவான். பொதுவான சட்டம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இதற்குப் பிறகு வந்தவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஏழாம் ஹென்றியின் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். 1485 ஆகஸ்ட் 22, பாஸ்வொர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டைக் கொன்று அவர் ஆட்சியைப் பிடித்தார். நாடாளுமன்றத்துக்குப் போனதும், தன் ஆட்சி ஆகஸ்ட் 21-லேயே தொடங்கிவிட்டது என்று கணக்கு எழுதவைத்தார். ஒரு நாள்தானே என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு நாளில், தங்கள் அரசருக்காக விசுவாசமாக வாளெடுத்தவர்கள் அத்தனை பேரும் ராஜத்துரோகிகள் ஆனார்கள், அவர்கள் சொத்து பறிமுதல்! ரிச்சர்டின் பட்டத்து உரிமையைச் சொன்ன பழைய சட்டத்தை, என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமலே ரத்து செய்யவைத்து, பிரதிகளையும் அழிக்கச் சொன்னார். ஆனாலும் நாடாளுமன்றச் சுருளில் ஒரு பிரதி தப்பிவிட்டது. பத்து வருஷம் கழித்து, 1495-ல் அதே ஹென்றி இன்னொரு சட்டம் கொண்டுவந்தார். நாற்காலியில் இருக்கும் அரசருக்குச் சேவை செய்வது குற்றமாகாது என்றது அது. இப்போது நாற்காலியில் இருப்பது தான் அல்லவா!

அவர் மகன் எட்டாம் ஹென்றி இன்னும் ஒரு படி மேலே போனார். 1534 சட்டப்படி வாய்ப்பேச்சே ராஜத்துரோகம். அரசரை மதவிரோதி, கொடுங்கோலன், பட்டத்தைப் பறித்தவன் என்று யாராவது சொன்னால் உயிர் போகும். அரசரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மனமில்லாத சர் தாமஸ் மோர் இதைத் தெரிந்துகொண்டு வாயையே திறக்கவில்லை. அவரைப் பேசவைக்க 1535 ஜூனில் லண்டன் கோபுரச் சிறைக்கு ஒரு குழு போனது. வெளிக்கு என்ன வேலை தெரியுமா? மோரின் புத்தகங்களைப் பறிமுதல் செய்வது. இரண்டு பேர் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அரசு வக்கீல் ரிச்சர்ட் ரிச் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாளுமன்றம் என்னையே அரசனாக்கினால் ஒப்புக்கொள்வீர்களா என்று சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் ஆரம்பித்தார். அந்த உரையாடலில் மோர் அரசரின் திருச்சபைத் தலைமையை மறுத்தார் என்பது ரிச்சின் சாட்சி. அப்படிச் சொல்லவே இல்லை என்றார் மோர். சரி, மூட்டை கட்டிய இருவரையும் கேட்போம் என்றால், எங்களுக்குப் புத்தகத்தைச் சாக்கில் திணிக்கிற வேலையே சரியாக இருந்தது, காதில் ஒன்றும் விழவில்லை என்று நழுவிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த அறையில் புத்திசாலிகள் அந்த இரண்டு பேர்தான். ஜூலை 6-ஆம் தேதி மோரின் தலை விழுந்தது.

அதே ஹென்றி 1547 ஜனவரியில் சாகக் கிடந்தபோது என்ன நடந்தது? அரசரின் சாவைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்பதால், நாள் நெருங்கிவிட்டது என்று சொல்ல மருத்துவர்களுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் அந்தரங்க உதவியாளர் சர் ஆண்டனி டென்னிதான் துணிந்து விஷயத்தைச் சொன்னார். தன்னைக் காக்கப் போட்ட சட்டமே தன் நோயைத் தன்னிடமிருந்து மறைத்தது!

மகள் எலிசபெத் காலத்தில் ஜாதகத்துக்கும் தடை வந்தது. 1581 சட்டப்படி, ராணி எத்தனை காலம் உயிரோடு இருப்பார், அவருக்குப் பிறகு யார் ஆள்வார் என்று ஜாதகம் கணித்தோ குறி கேட்டோ மந்திரம் போட்டோ பார்த்தால் மரண தண்டனை. அவதூறு பேசினால் காது போகும். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சொன்னவனுக்கு இரண்டு காது, கேட்டுப் பரப்பியவனுக்கு ஒரு காது! அபராதம் கட்ட வசதியிருந்தால் காதுகள் பிழைக்கும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1579-ல், ராணி பிரெஞ்சு இளவரசரை மணக்கக் கூடாது என்று சிறுநூல் எழுதிய ஜான் ஸ்டப்ஸின் வலது கையை வெட்டினார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்கிறீர்களா? எலிசபெத்தின் அக்கா மேரி காலத்தில், அக்காவின் ஸ்பானியக் கணவர் பிலிப்பைக் காக்கப் போட்ட சட்டம். அது எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று சொன்ன சட்ட வல்லுநர்களுக்கும் சிக்கல் வந்தது. ஸ்டப்ஸோ, வெட்டுப்பட்ட உடனே இடது கையால் தொப்பியைக் கழற்றி, கடவுள் ராணியைக் காப்பாற்றட்டும் என்று கூவிவிட்டு மயங்கி விழுந்தார்.

இதெல்லாம் முன்னோட்டம்தான். உண்மையான கூத்து இனிமேல்தான்.

ஸ்காட்லாந்து ராணி மேரி 1568-லிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்காவலில் இருந்தார். எலிசபெத்துக்கு உறவுமுறைச் சகோதரி, கத்தோலிக்கர், அடுத்த பட்டத்துக்கு உரிமை உள்ளவர். எலிசபெத் செத்தால் லாபம் யாருக்கு என்று கேட்டால் எல்லா விரலும் அவரைத்தான் காட்டும். 1584 ஜூலையில் டெல்ஃப்ட் நகரில், நெதர்லாந்து புராட்டஸ்டன்ட்டுகளின் தலைவர் ஆரஞ்சு வில்லியத்தை ஒருவன் வீட்டுக்குள்ளேயே கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். லண்டனில் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. அக்டோபரில், அப்போது பர்லி பிரபு ஆகிவிட்ட செசிலும் உளவுத் தலைவர் பிரான்சிஸ் வால்சிங்கமும் சேர்ந்து ஒரு சத்தியப் பத்திரம் தயாரித்தார்கள். ராணியைக் கொல்ல யாராவது முயன்றால், முயன்றவனை மட்டுமல்ல, யாருக்காக முயன்றானோ அவரையும் தேடிப்போய்க் கொல்வோம் என்று கையெழுத்துப் போடுபவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். கவனியுங்கள், அந்த ஆளுக்குச் சதி தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை! எவனோ எங்கோ கத்தியைத் தூக்கினால் மேரியின் கழுத்துக்கு ஆபத்து. ஊர் ஊராகப் பிரபுக்களும் கனவான்களும் வரிசையில் நின்று கையெழுத்தும் முத்திரையும் போட்டார்கள். இப்படி ஒரு பத்திரம் இருப்பதே, ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு கொண்டுவந்து காட்டியபோதுதான் தனக்குத் தெரியும் என்று எலிசபெத் பிற்பாடு சொன்னார். நம்புவோம், வேறு என்ன செய்ய?

இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1585 ஜனவரியில் அந்தப் பத்திரத்தில் மேரியே கையெழுத்துப் போட்டார். எலிசபெத்தின் உயிர்மேல் எனக்கும் அக்கறை உண்டு என்று காட்டிக்கொள்ளத்தான்.

வெறும் சத்தியத்தை வைத்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தால் நாடு நாடாக இருக்குமா? விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போய், 1585-ல் ராணி பாதுகாப்புச் சட்டமாக வெளியே வந்தது. எலிசபெத் குறுக்கிட்டுச் சில திருத்தங்கள் செய்யவைத்தார். குறைந்தது 24 பிரபுக்களும் ஆலோசகர்களும் கொண்ட ஆணையம் விசாரித்த பிறகுதான் யாரையும் தொடலாம். சதியில் பங்கில்லாத வாரிசைத் தண்டிக்கக் கூடாது. அதாவது மேரியின் மகன் ஜேம்ஸ் தப்பலாம். பர்லி இன்னொரு வரைவையும் மடியில் வைத்திருந்தார். ராணி கொல்லப்பட்டால், அடுத்த அரசரைத் தேர்ந்தெடுக்கும் வரை ஒரு பெரும் சபையே நாட்டை ஆளும் என்றது அது. தான் செத்த பிறகு நடக்கப்போவதை மந்திரி உட்கார்ந்து எழுதுவது எந்த ராணிக்குப் பிடிக்கும்? அது சட்டமாகவில்லை.

அதே நாடாளுமன்றத்தில் வில்லியம் பாரி என்றொரு உறுப்பினர் இருந்தார். ஒருகாலத்தில் பர்லிக்காக உளவு பார்த்தவர். 1584 டிசம்பரில் கத்தோலிக்கப் பாதிரிமார்களுக்கு எதிரான மசோதாவை அவர் ஒருவர் மட்டும் எழுந்து எதிர்க்க, சபை பிடித்து அடைத்தது. ராணியின் தயவால் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். சில வாரத்தில் ராணியைக் கொல்லத் திட்டமிட்டதாக மறுபடி கைது. 1585 மார்ச் 2-ஆம் தேதி, நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் வளாகத்திலேயே தண்டனை நிறைவேறியது. உண்மையான கொலைகாரனா, ஆளைப் பிடித்துக் கொடுத்துப் பணம் பார்க்கப் போய்த் தானே மாட்டிக்கொண்டவனா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

சட்டம் தயார். அதற்குள் நுழைக்க ஆள் வேண்டுமே! வாங்க, சார்ட்லி மாளிகைக்குப் போவோம்.

1585 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேரியை ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள இந்த மாளிகைக்கு மாற்றினார்கள். காவலர் சர் அமியாஸ் பாலெட், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் கண்டிப்பான மனிதர். வெளியுலகத்தோடு ஒரு கடிதப் போக்குவரத்தும் கிடையாது. அப்போது கில்பர்ட் கிஃபோர்ட் என்ற இளைஞன் மேரிக்கு ஒரு வழி சொன்னான். பர்ட்டன் ஊரிலிருந்து மாளிகைக்கு வாராவாரம் பீர்ப் பீப்பாய் வருகிறது. கடிதத்தை நனையாத உறையில் சுற்றிப் பீப்பாயின் துளை வழியாக உள்ளே போட்டுவிடலாம். காலிப் பீப்பாய் திரும்பும்போது பதில் கடிதம் போகும். மேரிக்கு உயிர் வந்தது. ஆனால் கிஃபோர்ட் ஏற்கெனவே வால்சிங்கத்தின் கைக்கு வந்துவிட்டவன், பீப்பாய் யோசனையும் அவர்கள் போட்ட கண்ணிதான்.

பீர் காய்ச்சுபவரை விட்டுவிடக் கூடாது, இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அவர்தான். பாலெட் தன் கடிதங்களில் அவரை ‘நேர்மையான மனிதர்’ என்றே குறிப்பிடுகிறார். கிண்டல்தான்! அவர் மேரியிடமும் காசு வாங்கினார், பாலெட்டிடமும் காசு வாங்கினார். அதோடு நிற்காமல், தான் இல்லாமல் காரியம் நடக்காது என்று புரிந்ததும் பீர் விலையையும் ஏற்றிக் கேட்டார். பாலெட் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் பெரிய அரசியல் சதி ஒரு வியாபாரியின் பேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கவே குஷியாக இருக்கிறது.

பீப்பாயிலிருந்து எடுத்த கடிதம் தாமஸ் பிலிப்ஸ் என்பவரிடம் போகும். சங்கேத எழுத்தை உடைப்பதில் சூரர். மேரி ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுத் தோழர் ஒருவருக்கு அங்க அடையாளங்களை எழுதி அனுப்பியிருக்கிறார். குள்ளமான ஒல்லி உருவம், மஞ்சள் முடி, மஞ்சள் தாடி, அம்மைத் தழும்பு முகம், கிட்டப்பார்வை. தன் தலையெழுத்தை எழுதப்போகிற ஆளை இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவருக்கு, அவர் எதற்காக அங்கே வந்திருக்கிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. உடைத்த முத்திரையைத் திரும்ப ஒட்ட ஆர்தர் கிரகரி என்று இன்னொரு கைகாரர் இருந்தார். அரக்கு முத்திரை திறந்தது யாருக்கும் தெரியாது.

1586 ஜூலை தொடக்கத்தில் ஆண்டனி பேபிங்டன் என்ற பணக்கார இளைஞனின் கடிதம் பீப்பாய்க்குள் வந்தது. உங்களை விடுவிப்போம், ஆறு கனவான்கள் எலிசபெத்தை முடிப்பார்கள் என்றது கடிதம். ஜூலை 17-ஆம் தேதி மேரியின் பதில் போனது. அதை உடைத்துப் படித்த பிலிப்ஸ், வால்சிங்கத்துக்கு அனுப்பியபோது மேலே ஒரு சின்னத் தூக்குமரம் வரைந்தார். அதற்கு விளக்கவுரை தேவையா? அத்தோடு விடவில்லை. மேரியின் சங்கேத எழுத்திலேயே, அந்த ஆறு பேர் யார் யார் என்று கேட்கும் பொய்ப் பின்குறிப்பு ஒன்றைச் சேர்த்துப் பேபிங்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். இந்தப் பேபிங்டன், கூட்டாளிகளோடு சேர்ந்து தங்களைப் படமாக வரையச் சொன்ன ஆசாமி! ரகசியச் சதிக்கு குரூப் போட்டோ எடுத்தவரை வேறெங்கும் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வலை இறுகியதும் வால்நட் சாற்றைப் பூசி முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு செயின்ட் ஜான்ஸ் வுட் காட்டுக்குள் ஒளிந்தார்கள். பலிக்கவில்லை. செப்டம்பரில் 14 பேர் இரண்டு நாளில் தண்டிக்கப்பட்டார்கள். முதல் நாள் கொடூரத்தைக் கண்டு கூட்டமே முகம் சுளித்ததால், மறுநாள் ஆட்களைத் தூக்கில் உயிர் போகும்வரை தொங்கவிட்ட பிறகே வெட்டினார்கள்.

அக்டோபர் 14, ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் விசாரணை. பெரிய அறையின் தலைமாட்டில் எலிசபெத்துக்கான அரியணை காலியாக இருந்தது. மேரி அதை நோக்கி நடக்க, அது உங்களுக்கல்ல என்று கீழே இருந்த நாற்காலியைக் காட்டினார்கள். வக்கீல் இல்லை. அவர் எழுதியதாகச் சொன்ன கடிதத்தின் மூலமும் இல்லை, நகல்தான். அவருடைய செயலாளர்களை அங்கே நேரில் நிறுத்தவும் இல்லை. நான் வேறொரு நாட்டின் ராணி, உங்கள் சட்டம் என்னைக் கட்டாது என்று வாதாடினார். அந்தச் சட்டமே அவருக்காகத்தானே தைத்தது! தீர்ப்பு வந்தது. ஆனால் மரண வாரண்டில் எலிசபெத் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். நாடாளுமன்றம் கெஞ்சியது. பதிலே இல்லாத ஒரு பதிலை அதற்குச் சொன்னார்.

1587 பிப்ரவரி 1-ஆம் தேதி கடைசியில் போட்டார். அன்று என்ன நடந்தது என்று செயலாளர் வில்லியம் டேவிசன் பிறகு எழுதிவைத்ததைப் பார்த்தால், ராணி கையெழுத்துப் போட்ட கையோடு ஒரு ஜோக்கும் அடித்திருக்கிறார். உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் வால்சிங்கத்திடம் போய்ச் சொல், துக்கத்தில் அங்கேயே செத்துவிடுவார் என்று! அதற்கு அப்புறம் கேட்டதுதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. பாலெட்டே காதும் காதும் வைத்த மாதிரி மேரியை முடித்துவிட்டால் என்ன? பழைய சத்தியப் பத்திரத்தில் அவரும்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்?

சட்டம் வேண்டும், ஆணையம் வேண்டும் என்று திருத்தங்கள் போட்டவரே, வேளை வந்ததும் சட்டத்தை ஒதுக்கிவிட்டுச் சத்தியத்தைக் கையில் எடுக்கச் சொல்கிறார். ஏன் என்று யோசித்தால் புரிகிறது. வாரண்டில் தன் பெயர் இருந்தால், முடிசூடிய தலையையும் விசாரித்து வெட்டலாம் என்று இங்கிலாந்தே ஒப்புக்கொண்டதாகிவிடும். யாரோ இரவில் தலையணையை அமுக்கினால் அந்தச் சிக்கல் இல்லை. கடிதம் பாலெட்டுக்குப் போனது, படித்ததும் எரித்துவிடுங்கள் என்ற வேண்டுகோளோடு. மேரியைக் கண்டாலே ஆகாத அந்தப் பாலெட், சட்டமும் வாரண்டும் இல்லாமல் ரத்தம் சிந்தி என் மனசாட்சியைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்று மறுநாளே எழுதிவிட்டார். கடிதங்களின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொண்டார், மனிதர் விவரமானவர்!

பிப்ரவரி 8-ஆம் தேதி மேரியின் தலை வாரண்டின்படியே போனது. லண்டனில் மணி அடித்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். எலிசபெத்தோ அழுது ஆர்ப்பாட்டம் செய்து, வாரண்டை அனுப்பியது என் விருப்பமில்லாமல் என்று சாதித்தார். பழி முழுக்க டேவிசன் தலையில் விழுந்தது. அவரைக் கோபுரச் சிறையில் போட்டார்கள், 10,000 மார்க் அபராதம். எஜமானிகள் தப்புவதும் குமாஸ்தாக்கள் மாட்டுவதும் அன்றைக்கும் அப்படித்தான்.

எலிசபெத் பயந்தது வீண் பயமில்லை. 62 வருஷம் கழித்து, 1649-ல், இங்கிலாந்து இன்னொரு முடிசூடிய தலையை விசாரித்து வெட்டியது. முதலாம் சார்லஸ், மேரியின் பேரன். 

இந்தச் சட்டங்கள் எல்லாம் தூசு படிந்துபோய்விட்டன என்று நினைத்தால் தவறு. 1351 சட்டத்தின் முக்கியப் பகுதிகள் இன்னும் அமலில் இருக்கின்றன. விக்டோரியா ராணியை நோக்கித் துப்பாக்கி நீட்டுவது ஒரு வாடிக்கையாகிப்போன 1842-ல், பெருங்குற்றமாக்கினால் பைத்தியக்காரர்களுக்குப் புகழ் கிடைக்கிறது என்று கொஞ்சம் சிறிய தண்டனையோடு ஒரு சட்டம் போட்டார்கள். 2021 கிறிஸ்துமஸ் நாளில் குறுக்குவில்லோடு விண்ட்சர் கோட்டைக்குள் நுழைந்த இளைஞனுக்கு 2023-ல் ஒன்பது வருஷம் தண்டனை கிடைத்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். ராஜத்துரோகத்துக்கு மரண தண்டனை மட்டும் 1998-ல் ஒழிந்தது.

மேரியின் கடிதங்களும் இன்னும் தீர்ந்தபாடில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் இத்தாலி விவகாரம் என்று தவறாகப் பட்டியலிட்டுக் கிடந்த கட்டிலிருந்து, அவர் சிறையில் எழுதிய ஐம்பதுக்கும் மேற்பட்ட சங்கேதக் கடிதங்களை மூன்று ஆர்வலர்கள் கணினி உதவியோடு உடைத்து 2023-ல் வெளியிட்டார்கள். பேபிங்டனுக்கு அனுப்பிய அந்தப் பொய்ப் பின்குறிப்பு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லண்டன் பக்கம் போகிறவர்கள் கோபுரத்துக் காக்கைகளைப் பார்த்து முடித்த பிறகு அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். வாசகர் அட்டைக்குக் காசு வாங்குவதில்லை.